பிப்ரவரி 7, ராத்திரி ஒன்றரை மணி

கோவை
28.12.2024

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பத்தாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி கிடையாது, சத்தம் கிடையாது, விருந்தாளி கிடையாது. சின்னவன் சாப்பாட்டு விஷயத்தில் அப்படியே நீதான். தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள். ஷார்ஜாவில் குளிர் வந்துவிட்டதா?

தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒழுங்காக எழுதவே இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இது கட்டைவிரலில் முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் கடிதம்.

நம் அமெரிக்க மெட்டல் குழு ட்ரீம் தியேட்டரின் புது ஆல்பம் ‘பாராசோம்னியா’ பிப்ரவரி 7 வெள்ளிக்கிழமை வருகிறது. டிரம்ஸில் போர்ட்னாய். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இதை என் கையால் ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. மைக் போர்ட்னாய் அவர்களோடு கடைசியாக வாசித்த ஆல்பம் 2009-ல் வந்தது. அடுத்த வருடம் செப்டம்பரில் அவர் விலகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நாம் வேளச்சேரியில் ஒரே வீட்டில் இருந்தோம். கூட இருந்த நம் நண்பன் ‘தாடி’ அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மெஸ் அண்ணாச்சி வந்து ‘வீட்டுல யாருக்காவது ஏதாவதா தம்பி’ என்று விசாரித்துவிட்டுப் போனார். அந்தத் தாடிக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. போன வருடம் அக்டோபரில் போர்ட்னாய் திரும்பி வருகிறார் என்று அறிவித்தபோது அவன் எனக்கு ஃபோன் செய்து ஒன்றுமே பேசாமல் சிரித்துக்கொண்டே இருந்தான்.

முதலில் ஒரு புகாரைத் தீர்த்துக்கொள்கிறேன். இந்த மாத ஆரம்பத்தில் வந்த இரண்டாவது பாட்டின் லிங்க்கை எனக்கு எதற்கு அனுப்பினாய்? நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். இது முழுக்க முழுக்கத் தூக்கத்தைப் பற்றிய ஆல்பம். தூக்கத்தில் அலறி எழுவது, விழித்த பிறகும் உடம்பு அசையாமல் கிடப்பது என்று ஒரே சரடில் கோத்து, எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. கடைசிப் பாட்டு மட்டுமே இருபது நிமிடத்தைத் தொடுகிறது. இப்படி வரிசையாக எழுதிய ஒன்றில் நடுவிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து முன்னாடியே கொடுத்தால், அந்த இடம் வரும்போது திடுக்கிடல் போய்விடுகிறது. ‘ஆங், இது தெரியும்’ என்று மனசு நிம்மதியாக உட்கார்ந்துகொள்கிறது. அதுதான் எனக்கு வேண்டாம்.

‘நைட் டெரர்’ கேட்டேன், அதை மறைக்கவில்லை. அக்டோபரில் வந்த அன்றே கேட்டுவிட்டேன். பதினான்கு வருடம் கழித்து அந்த ஸ்நேர் அடியைக் கேட்காமல் இருக்க எந்த மனிதனாலும் முடியாது. பத்து நிமிடப் பாட்டு. கிட்டாரும் கீபோர்டும் என்ன செய்கின்றன என்று இரண்டாவது தடவைதான் கவனித்தேன், முதல் தடவை முழுக்க டிரம்ஸ்தான் காதில் விழுந்தது. அவர் அடிப்பதை வாயால் பாடிவிடலாம், மாப்ள. எத்தனை சிக்கலான தாளமாக இருந்தாலும் மெஸ் மேஜையில் தாடி அதைத் தட்டிக் காட்டுவானே, நாமும் கூடவே தட்டுவோமே, அந்த மாதிரி.

இந்த இடத்தில், போர்ட்னாய்க்குப் பதிலாக வந்த மாங்கினியை நீ கிண்டல் செய்வாய், தெரியும். அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மைக் மாங்கினி பெர்க்லி இசைக் கல்லூரியில் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். 2011-லிருந்து ஐந்து ஆல்பம் வாசித்தார். அந்தக் குழுவுக்குக் கிராமி கிடைத்ததே அவர் காலத்தில்தான், 2021 ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு. இத்தனை வருடம் ரசிகர்கள் அவரிடம் ‘நன்றாக வாசிக்கிறீர்கள், ஆனால்...’ என்றே பேசினார்கள். அந்த ‘ஆனால்’ எவ்வளவு வலித்திருக்கும்? பழைய ஆள் வருகிறார் என்றதும் ஒரு கசப்பான வார்த்தை சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டார். போர்ட்னாய் வருவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷமோ, மாங்கினியை நினைத்தால் அவ்வளவு கஷ்டமாகவும் இருக்கிறது. 2016 ஆல்பம் ‘தி ஆஸ்டோனிஷிங்’ நீள நீளமாக அலுத்துப்போனதற்கு டிரம்மர் என்ன செய்வார்? அதைப் பற்றிக் கிட்டார்க்காரர் பெட்ரூசியிடம் கேள்.

என் பயம் வேறு. இவர்கள் நமக்காகப் பழைய கதையைத் திரும்பச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அது. பெட்ரூசி, பாஸ் கிட்டார் மையுங், போர்ட்னாய் மூவருக்கும் 57 வயது. 1985-ல் பாஸ்டனில் மாணவர்களாக இருந்தபோது தொடங்கிய குழு, இந்த அக்டோபரில் லண்டனில் நாற்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தை ஆரம்பித்திருக்கிறார்கள். இந்த மாதிரி நேரத்தில் 1992 ஆல்பத்தின் சாயலில் ஒன்று செய்து கொடுத்தால் எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் தட்டுவேன். ஆனால் மூன்றாவது வாரம் அதை எடுக்க மாட்டேன். எனக்கு வேண்டியது இந்த 57 வயதின் இசை. பிரிந்திருந்த வருடங்களில் போர்ட்னாய் யார் யாருடனோ வாசித்தார். மற்றவர்கள் அவர் இல்லாமல் பாட்டு எழுதப் பழகினார்கள். அதெல்லாம் இதில் எங்கேயாவது கேட்க வேண்டும்.

நம்பிக்கைக்கும் காரணம் இருக்கிறது. இவர்கள் ஒரே நாளில் கைகுலுக்கித் திரும்பச் சேர்ந்தவர்கள் இல்லை. 2020-ல் பெட்ரூசியின் தனி ஆல்பத்துக்குப் போர்ட்னாய் வாசித்தார். 2021-ல் கீபோர்டு ரூடெஸும் சேர, இவர்களுடைய இன்னொரு குழுவான லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமென்ட்டின் மூன்றாவது ஆல்பம் வந்தது. பாடகர் லபிரியோடுதான் பத்து வருடத்துக்கும் மேல் பேச்சே இல்லை. 2022-ல் நியூயார்க்கில் இவர்கள் வாசித்தபோது போர்ட்னாய் பார்வையாளராகப் போய், லபிரியைக் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆனார். தான் தொடங்கிய குழு, தன் நாற்காலியில் இன்னொருவர். அதைக் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து பார்ப்பதற்கு எவ்வளவு மனசு வேண்டும்!

இன்னொன்று ஞாபகம் வருகிறது. குடிப்பழக்கத்திலிருந்து தான் மீண்ட கதையை அவர் ஐந்து பாட்டாக எழுதினாரே, 2002-லிருந்து 2009 வரை ஆல்பத்துக்கு ஒன்றாக. ஒவ்வொரு தடவையும் அடுத்த படி என்ன என்று காத்திருந்தோம். ஒரு ஆல்பம் எந்த ஒலியில் முடிகிறதோ அதிலேயே அடுத்ததைத் தொடங்கவும் செய்தார்கள். 1999 ஆல்பம் இரைச்சலோடு முடியும், 2002 ஆல்பம் அந்த இரைச்சலில் ஆரம்பிக்கும். ஹாஸ்டலில் நீதான் முதலில் கண்டுபிடித்தாய், ஞாபகம் இருக்கிறதா? 1999 ஆல்பத்தை டிடிகே 90 கேசட்டில் ஏற்றியிருந்தோம். முதல் பாகம் ஏ பக்கத்தில் சரியாக அடங்கி, மிச்ச இடத்தில் தாடி எதையோ பதிந்து தொலைத்தான். அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, மற்ற வரவுகள். ஸ்டீவன் வில்சன் மார்ச்சில் வருகிறார். 42 நிமிடத்தில் இரண்டே உருப்படி. விண்வெளியிலிருந்து பூமியைப் பார்க்கிறவர்களுக்கு உள்ளே நடக்கும் மாற்றத்தைப் பற்றியது என்கிறார்கள். எனக்கு அவரிடம் சந்தேகமே இல்லை, அதனால் பதற்றமும் இல்லை. ஸ்வீடன் மெட்டல் குழு ஓபெத்தின் ஆல்பம் நவம்பரில் வந்துவிட்டது, கேட்டிருப்பாய். 2008-க்குப் பிறகு ஆல்பத்தில் அந்த உறுமல் குரல் திரும்பியிருக்கிறது. 2009-ல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் திறந்தவெளி அரங்கத்தில் நின்று கேட்டோமே, அதே குரல். வீட்டில் ஹெட்போனில் கேட்டேன், பெரியவள் வந்து ‘என்னப்பா ஆச்சு, முகம் ஒரு மாதிரி இருக்கு’ என்றாள்.

அப்புறம் உன் அப்பா. நான் சொல்ல வருவது உனக்குப் புரிந்திருக்கும். 1993-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து, ஜான் ஸ்காட் நடத்த, ராஜா ஒரு சிம்பொனி பதிவு செய்தார். அந்தச் செய்தியை வெட்டி உன் அப்பா பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். ‘அடுத்த வருஷம் கேசட் வந்துடும்’ என்று நம்மிடம் வருடா வருடம் சொன்னார். அது வெளிவரவே இல்லை. இந்த வருடம் ராஜா புதிதாக ஒன்று எழுதி, முப்பத்தைந்து நாளில் முடித்துவிட்டதாகச் சொன்னார். லண்டனில் பதிவும் ஆகிவிட்டது, பெயர் ‘வேலியண்ட்’, ஜனவரி கடைசியில் வெளியீடு என்று தீபாவளிக்கு அறிவித்தார். 81 வயதில்! உன் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று உன் தம்பி சொன்னான். போன வாரம் கும்பகோணம் போனவன் காதை மூடுகிற நல்ல ஹெட்போன் ஒன்று கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சண்டை வரும். அது வெளியாகிற அன்றைக்கு நீ வீடியோவில் கூட இரு, அவர் தனியாகக் கேட்கக் கூடாது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு மனுஷன் ஒரு இசைக்காகக் காத்திருக்கிறார், மாப்ள. நம் பதினான்கு எல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

இனி திட்டம். 2015-லிருந்து உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் ஆல்பம் வெளியாகிறது, அந்தந்த ஊரில் நள்ளிரவு ஆனதும் திறக்கும். எனக்குப் பன்னிரண்டு மணிக்கே கிடைத்துவிடும். நீ எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அதனால் நான் காத்திருக்கிறேன். உனக்குப் பன்னிரண்டு அடிக்கும்போது, அதாவது எங்களுக்கு ஒன்றரைக்கு, மூவரும் ஒரே நேரத்தில் ப்ளே அழுத்துகிறோம். நடுவில் மெசேஜ் கூடாது, பாட்டைத் தாண்டக் கூடாது, பாத்ரூம் போகிறவன் முன்னாடியே போய்விட வேண்டும். முடிந்த பிறகு ஃபோனில் பேசுவோம், விடிந்தாலும் பரவாயில்லை. மறுநாளுக்கு நான் லீவு சொல்லிவிட்டேன், நீயும் சொல்லிவிடு.

மூவரும் என்றுதான் எழுதியிருக்கிறேன், தெரிந்தேதான் எழுதினேன். சேலம் கல்யாணத்துக்குப் பிறகு நீயும் தாடியும் பேசவில்லை. யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை, இரண்டு பேர் பக்கமும் கேட்டவன் நான். லபிரி கதையை எழுதிவிட்டு இதைக் கேட்பதால் உனக்குப் பாடம் நடத்துவதாக நினைக்காதே, நேராகவே கேட்கிறேன். அவனுக்கு நீ ஃபோன் செய்ய வேண்டும். நான் சொன்னால் வருவான், ஆனால் நான் சொல்லி வந்தால் அது சரியாக இருக்காது. சேலம் பேச்சை எடுக்கவே வேண்டாம். ‘டேய், ஆறாம் தேதி ராத்திரி ஃப்ரீயா வெச்சுக்கோ’ என்று சொன்னால் போதும், எதற்கு என்று அவனுக்குத் தெரியும். போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். டிரம்ஸ் செட்டின் மேல் துணி காயப்போட்டிருந்தார்கள். போர்ட்னாய் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு ‘அவன் கேட்டானா, பிடிச்சுதாமா?’ என்றான். எந்த ‘அவன்’ என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரலில் வரும்போது சிடி ஒன்று வாங்கி வா, முடிந்தால் இரண்டு. ரஷ் குழுவின் ஆல்பங்களுக்கு அட்டை செய்த ஹ்யூ சைம்தான் இதற்கும் அட்டை. சின்ன திரையில் பார்க்கிற படம் இல்லை அது. பாட்டு வரிகளைக் கையில் வைத்துப் படித்தால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கும்.

தாடியின் பழைய நம்பர் மாறிவிட்டது, புதியதைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பொங்கலுக்குள் பேசிவிடு.

உன்,
ரூம்மேட்