பாலையாவின் கேட்கிற முகம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நினைவு நாளான ஜூலை 22 வந்தாலே நடிகர் டி.எஸ்.பாலையாவைப் பற்றி எங்காவது நாலு வரி வருகிறது, கூடவே 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியின் படம். அதோடு சரி. 1936-ல் 'சதிலீலாவதி'யில் தொடங்கி 1972-ல் கண்ணை மூடும் வரைக்கும் நடித்த மனிதருக்கு இது போதாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எம்.ஜி.ஆருக்கு முதல் படமும் அதே 'சதிலீலாவதி'தான். நாடகக் கம்பெனியில் வளர்ந்து வந்த பாலையா அதற்குப் பிறகு பல வருஷம் வில்லன். 'மதுரை வீரன்' நரசப்பனைப் பார்த்து என் அம்மா தியேட்டரிலேயே திட்டியிருக்கிறார். அதே ஆள் 1959-ல் 'பாகப்பிரிவினை'யில் தம்பி மேல் உயிரையே வைத்துக்கொண்டு, பெண்டாட்டி பேச்சையும் தட்ட முடியாமல் தவிக்கிற அண்ணனாக வந்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் திட்ட மனசு வரவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான்: பாலையா வசனம் பேசும்போதைவிட அடுத்தவர் சொல்வதைக் கேட்கும்போதுதான் பெரிய நடிகர். அந்தப் பேய்க்கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாகேஷ்தான் பேசுகிறார், காற்று, காலடி என்று எல்லாச் சத்தமும் அவர்தான் போடுகிறார், ஆனால் நமக்குச் சிரிப்பு வருவது பாலையா முகத்தைப் பார்த்துத்தான், அவர் நிஜமாகவே பயப்படுகிறார். சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள், அப்போதும் கதை புரியும்.

'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதரும் அப்படித்தான். அரண்மனையில் பாடும்போது அவருக்கு இருக்கிற கர்வத்தை எல்லோரும் பேசுகிறோம், பாலமுரளிகிருஷ்ணாவின் குரல் அவர் வாயிலிருந்தே வருவது போலத்தான் இருக்கும். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வருவது. ராத்திரியில் விறகுவெட்டியாக வந்த சிவன் பாடுவதைக் கேட்கிறார், முதலில் ஆச்சரியம், பிறகு சந்தேகம், தன்னோடு போட்டிக்கு வரப்போகிற பாணபத்திரர் சீடனாகக்கூடச் சேர்த்துக்கொள்ளாத ஆள் இவன் என்று தெரிந்ததும் அந்தக் கர்வம் கண்ணெதிரே இறங்குகிறது. ஊரைவிட்டே போய்விடுவார் என்பது அந்த முகத்திலேயே தெரிந்துவிடும்.

'தில்லானா மோகனாம்பாள்' முத்துராக்குவைச் சொல்லாமல் விட முடியாது. தவிலும் கையுமாக நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த ஆள், பத்மினி ஆட்டத்திலேயே அந்த நாதஸ்வரக்காரரை நலம் விசாரிக்கும்போது விஷயத்தைப் புரிந்துகொள்கிற விதம் இருக்கிறதே, சொந்த அண்ணன்கூட அப்படி உருகமாட்டான்.

1914-ல் பிறந்தவர், 57 வயதில் போய்விட்டார். அடுத்த முறை அவரைப் பற்றி எழுதும்போது அந்த ஒரு காட்சியோடு நிறுத்தாமல், 'வேலைக்காரி', 'தூக்குத் தூக்கி', 'பாமா விஜயம்' என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முழுப்பக்கமாவது கொடுங்கள். அவருடைய நாடகத்தைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நம் தூத்துக்குடிப் பக்கம் இன்னும் இருக்கக்கூடும், அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், தூத்துக்குடி