லண்டன் தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்கு: பஸ் சாரதித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு வகுப்பறை தாருங்கள்

மதிப்புக்குரிய தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்கும் ஊர்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஹரோ, வெம்ப்ளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங், குரொய்டன் என்று எங்கள் சனம் கூடி வாழும் இடங்களில் வார இறுதியில் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. பிள்ளைகள் உள்ளே படிக்கும் நேரத்தில் பெற்றோர் பலர் காருக்குள்ளும் வாசலிலும் காத்திருக்கிறார்கள். கடையிலும் பெற்றோல் நிலையத்திலும் இரவு வேலை செய்து களைத்து, இனி நிலையான ஒரு வேலை வேண்டும் என்று பஸ் சாரதித் தேர்வுக்கு ஆயத்தமாகிறவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு வகுப்பறையை அவர்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நான் லண்டனில் பஸ் ஓட்டுகிறவன். சொல்லித் தர நானும் வருவேன்.

பஸ்ஸை ஓட்டப் பழகுவது எங்கள் ஆட்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. அவர்களை மறிப்பது எழுத்துத் தேர்வு. முதல் பகுதியில் 100 பல்தேர்வுக் கேள்விகள். 1 மணி 55 நிமிடத்தில் 85 சரியாக வேண்டும். அதோடு வீதி ஆபத்துகளைக் காணொளியில் கண்டுபிடிக்கும் தேர்வு, 100க்கு 67. இவை இரண்டையும் இரண்டு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. பிறகு சம்பவங்களை வைத்துக் கேட்கும் 50 கேள்விகள், அதில் 40 வேண்டும். ஓட்டுத் தேர்வும் வாகனத்தைச் சுற்றிக் காட்டி விளக்கும் தேர்வும் தனி. பல்தேர்வு, காணொளி, சம்பவக் கேள்வி என்ற மூன்று தேர்வுகளுக்கும் முறையே 26, 11, 23 பவுண் கட்டணம். தவறினால் ஒவ்வொரு முறையும் மறுபடி கட்ட வேண்டும், வேலைக்கும் லீவு எடுக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இந்த நாட்டில் கார் எழுத்துத் தேர்வைத் தமிழ்க் குரலில் கேட்டு எழுதலாம். பத்தொன்பது வெளிநாட்டு மொழிகளுக்கு இருந்த அந்த வசதி 2014 ஏப்ரல் 7ஆம் திகதியோடு நின்றது. மொழிபெயர்ப்பாளரையும் இப்போது கூட்டிப் போக முடியாது. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மனு எழுதலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பஸ் தேர்வைப் பொறுத்தவரை எனக்கு அதில் உடன்பாடில்லை. மேல்தளத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் கட்டுப்பாட்டு அறைக்கு ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். தேர்வு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். விதி ஏன் அப்படி இருக்கிறது என்பதை முதலில் தமிழில் விளங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். விளங்கிய பிறகு ஆங்கிலக் கேள்வி அவ்வளவு பயமுறுத்தாது. ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும் குரல் வசதி இன்னும் இருக்கிறது. பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு வாங்கலாம் என்பது கூடப் பலருக்குத் தெரியாது.

இப்போது நடப்பது என்ன? தொலைபேசியில் ஒரு செயலியை இறக்கி, கேள்வியையும் விடையையும் பாடமாக்குகிறார்கள். ஓட்டும் நேர விதி பற்றிய கேள்வி வந்ததும் அந்த முறை உடைந்துவிடும். லண்டன் நகர பஸ் போல 50 கிலோமீற்றருக்குள் ஓடும் வழக்கமான சேவைக்கு உள்நாட்டு விதி: ஐந்தரை மணித்தியாலம் ஓட்டினால் 30 நிமிட ஓய்வு, ஒரு நாளில் ஓட்டக்கூடியது 10 மணித்தியாலம். லண்டனிலிருந்து எடின்பரோவுக்குக் கோச் ஓட்டுகிறவருக்கோ, ஐரோப்பிய விதி என்று இன்றைக்கும் பழக்கத்தில் சொல்லப்படும் மற்றது: நாலரை மணித்தியாலத்துக்கு 45 நிமிட ஓய்வு. அதை இரண்டாகப் பிரித்தால் முதலில் 15, பிறகு 30. மாற்றி எடுத்தால் செல்லாது. நாளுக்கு 9 மணித்தியாலம், கிழமைக்கு இரண்டு தடவை மட்டும் 10. இந்த இலக்கங்களை வெறுமனே பாடமாக்கியவருக்குத் தேர்வறையில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரு வெண்பலகையில் இரண்டு பயணங்களைக் கோடு போட்டு, எங்கே நிறுத்த வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் ஒரே வகுப்பில் தெளிந்துவிடும்.

சம்பவக் கேள்விகளுக்கும் இப்படித்தான். சக்கர நாற்காலிக்கான இடத்தில் ஒரு தாய் குழந்தை வண்டியோடு நிற்கிறார். தரிப்பிடத்தில் சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருக்கிறார். சாரதி என்ன செய்ய வேண்டும்? இது கற்பனை அல்ல. 2012இல் வெதர்பியிலிருந்து லீட்ஸ் போகும் பஸ்ஸில் ஏற முயன்ற டக் பாலிக்கு நடந்தது இதுதான். சாரதி கேட்டும் அந்தத் தாய் இடம் விடவில்லை. பாலி ஏற முடியாமல் திரும்பினார். வழக்கு பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஒரு தடவை கேட்டுவிட்டுச் சாரதி பேசாமல் இருந்துவிட முடியாது. மறுப்பு நியாயமற்றது என்று பட்டால் அழுத்திச் சொல்ல வேண்டும், தேவையானால் சில நிமிடம் பஸ்ஸை எடுக்காமல் நிறுத்தியும் வைக்கலாம் என்ற பொருளில் நீதிபதிகள் சொன்னார்கள். இந்தக் கதையைத் தமிழில் ஒருமுறை பேசி விவாதித்தவர், இது சம்பந்தமான கேள்வி எப்படிச் சுற்றி வளைத்து வந்தாலும் பிழை விடமாட்டார். வேலையில் சேர்ந்த பிறகும் அது உதவும்.

ஊரில் பஸ் ஓட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கும் இந்த வகுப்பு தேவை. அங்கே பயணிகளைப் பார்க்க நடத்துனர் இருந்தார். இங்கே சாரதி தனி ஆள். முதியவர் கதிரையில் அமர்ந்துவிட்டாரா, கதவில் யாருடைய பையாவது மாட்டியிருக்கிறதா, நிற்பவர்கள் பிடித்துக்கொண்டார்களா, எல்லாம் கண்ணாடியில் அவரே பார்க்க வேண்டும். கார் ஓட்டிய பழக்கமும் சில இடத்தில் காலை வாரும். ரயர் தவாளிப்பின் ஆழம் ஆகக் குறைந்தது காருக்கு 1.6 மில்லிமீற்றர், பஸ்ஸுக்கு 1 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். மூன்று ஒழுங்கை உள்ள மோட்டர்வேயில் பஸ் வலது ஓர ஒழுங்கைக்குப் போகக்கூடாது. காணொளித் தேர்வில் ஆபத்து உருவாகத் தொடங்கும்போதே சொடுக்க வேண்டும், முழுதாக உருவான பிறகு சொடுக்கினால் மதிப்பெண் குறையும். பதற்றத்தில் தொடர்ந்து சொடுக்கிக்கொண்டே இருந்தாலும் அந்தக் காட்சிக்குப் பூச்சியம்தான். இதைப் பெரிய திரையில் போட்டு, எந்தக் கணத்தில் சொடுக்குவது என்று கூட்டாகப் பழகினால் நல்ல பலன் கிடைக்கும்.

சலரோகத்தைப் பற்றியும் அந்த வகுப்பில் பேச வேண்டும். எங்கள் சமூகத்தில் அது அதிகம். பஸ் அனுமதிப்பத்திரத்துக்கு மருத்துவர் நிரப்பும் டி4 படிவம் வேண்டும். சலரோகத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் கூட அனுமதிப்பத்திரம் வழங்கும் டிவிஎல்ஏக்கு அறிவிக்க வேண்டும். வேலை கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தில் மறைக்கிறார்கள். உண்மையில் இன்சுலின் போடுபவர்களுக்கே 2011 முதல் நிபந்தனைகளோடு வழி இருக்கிறது. மறைத்து ஓட்டி, பயணிகளோடு வீதியில் ஏதாவது நடந்தால் யாராலும் காப்பாற்ற முடியாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். காசு கொடுத்தால் உங்கள் பெயரில் வேறு ஆள் எழுதித் தருவார், காதுக்குள் கருவி வைத்து விடை சொல்லித் தருவோம் என்று ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நாட்டில் அப்படிச் செய்தவர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். ஆங்கிலம் தடுமாறுகிற, குடும்பத்தைக் கொண்டு நடத்த வேண்டிய ஒருவரிடம்தான் இந்த வலை வீசப்படுகிறது. நேர்மையாகப் படிக்க அவருக்கு ஓர் இடம் கொடுத்தால், அந்த வலைக்குப் போகிறவர் தொகை குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, பஸ் கம்பனிகளே சொல்லித் தராதா என்று கேட்பீர்கள். கார் அனுமதிப்பத்திரம் உள்ளவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிற கம்பனிகள் லண்டனில் இருக்கின்றன. வண்டியில் ஏற்றி நன்றாகவே பழக்குவார்கள். புத்தகத்தோடு உட்காரும் நேரம் மட்டும் பெரும்பாலும் அவரவர் பாடு. பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு இந்த வேலைக்கு வர விரும்பும் அக்காமாருக்கு அந்த நேரம் இன்னும் அரிது. பிள்ளை படிக்கும் அதே கட்டடத்தில் அவர்களுக்கும் ஒரு வகுப்பு இருந்தால் கட்டாயம் வருவார்கள்.

செலவு அதிகம் இல்லை. ஒரு அறை, ஒரு திரை, தேர்வை நடத்தும் டிவிஎஸ்ஏ வெளியிடும் பயிற்சிப் புத்தகத்தில் சில பிரதிகள் போதும். கற்பிக்க ஆட்களைத் தேடிப் போகவும் வேண்டாம். வேலையில் இருக்கும் சாரதிகள் எல்லாரும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணித்தியாலப் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். அதனால் விதிகள் அவர்கள் மனதில் பசுமையாகவே இருக்கும். சுழற்சி முறையில் இரண்டு பேர் வந்தாலே வகுப்பு நடக்கும். ஆண்டு விழாவுக்கு மண்டபம் எடுக்கும் செலவில் சிறு பங்கும் இதற்கு ஆகாது.

உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். புதிய தவணை தொடங்கும்போது பெற்றோருக்கு அனுப்பும் அறிவித்தலில், பஸ் தேர்வுக்குப் படிக்க விருப்பமா என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். பெயர்கள் வந்தால் அறையை ஒதுக்குங்கள். எந்தப் பள்ளி முதலில் சம்மதிக்கிறதோ, அங்கே முதல் வகுப்பை நான் எடுக்கிறேன். ஓட்டும் நேர விதியிலிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
லண்டன் பஸ் சாரதி ஒருவர்