சீட்டில் வந்த பெயர்

சென்னை,
டிசம்பர் 27

அன்புள்ள கிரேஸ்,

வேலூரில் உன் மருத்துவமனை வார்டில் இந்த ஆண்டும் கிறிஸ்மா–கிறிஸ்சைல்டு நடந்ததாக நீ எழுதியிருந்ததைப் படித்ததும், எங்கள் அலுவலகத்தில் நடந்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு, யாரென்று முன்கூட்டிச் சொல்லாமல் பரிசு கொடுக்கும் அதை இங்கே சீக்ரெட் சாண்டா என்கிறார்கள். பாளையங்கோட்டை விடுதியில், பரிசு கொடுக்கும் கிறிஸ்மா இடும் ஏவல்களையெல்லாம் செய்து முடித்த பிறகே நமக்குப் பரிசு கிடைக்கும். இங்கே ஏவல் இல்லை, பரிசு மட்டும்தான்.

சென்ற ஆண்டு தொகைக்கு வரம்பு வைக்காததால், ஒருவர் வெள்ளி விளக்கு கொடுக்க, இன்னொருவர் ஒரு பேனாவை நீட்டிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதனால் இம்முறை பொறுப்பை நானே கேட்டு வாங்கி, 300 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, கையால் செய்ததையும் கொடுக்கலாம் என்று சொல்லி, துப்புரவுப் பணியாளர்களையும் விருப்பமிருந்தால் சேரும்படி அழைத்தேன். இருவர் சேர்ந்தார்கள், மொத்தம் 14 பேர்.

சீட்டுக் குலுக்கியபோது இரண்டு முறையும் யாரோ ஒருவருக்கு அவர் பெயரே வந்தது. நாலைந்து பேருக்கு மேல் எத்தனை பேர் எடுத்தாலும் ஏறத்தாழ 100க்கு 63 முறை அப்படித்தான் நேரும் என்று கணக்குப் பிரிவுத் தம்பி விளக்கினார். மூன்றாம் முறை சரியாக வந்தது.

எனக்கு வந்தது துப்புரவுப் பணியாளர் ஒருவரின் பெயர். ஐந்து ஆண்டுகளாகத் தினமும் பார்க்கும் ஒருவரைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியவில்லை என்பது அன்றுதான் உறைத்தது, கிரேஸ். இரண்டு வாரம் கவனித்தேன். மூடி பிளந்த பிளாஸ்டிக் டப்பாவை ரப்பர் வளையத்தால் கட்டித்தான் மதியச் சோறு கொண்டுவருகிறார். பாத்திரக்கடையில் ஓர் எவர்சில்வர் டப்பா வாங்கி, அவர் பெயரை வெட்டச் சொல்லி, ஒருவரும் வருமுன் அவருடைய பையருகே வைத்துவிட்டேன். அவர் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தபடி, தன் பெயர் போட்ட பாத்திரமெல்லாம் கல்யாணச் சீரோடு சரி, அவையும் அடகில் மூழ்கிவிட்டன என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னதை நான் என் மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் பெயரைச் சொல்லிக் கொடுத்திருந்தால், என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நன்றி சொல்ல வேண்டியிருந்திருக்கும். சாண்டா கிளாஸுக்கு மூலமான மைரா நகர ஆயர் நிக்கோலாஸ், வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவில் பொன்முடிப்பை வீசிச் சென்ற கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவர் ஏன் இருட்டில் போனார் என்று அப்போது நாம் யோசித்ததே இல்லை.

இம்முறை யார் கொடுத்தது என்பதைக் கடைசிவரை வெளியிடுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். என் மேசையில் ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய் இருந்தது. ஊர் நினைவாக நான் எப்போதோ சொன்னதை யாரோ மனத்தில் வைத்திருந்திருக்கிறார்கள்.

உங்கள் வார்டில் தொகை எவ்வளவு வைத்தீர்கள், பயிற்சி மாணவிகளையும் சேர்த்தீர்களா என்று விவரமாக எழுது. பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்,
மேரி