மச்சானின் மனை விஷயம்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். வரதன் பையனுக்குத் தை மாதம் கல்யாணம். இந்தத் தடவையாவது பந்தி முடிவதற்குள் வந்து சேர்.

மச்சான் வாங்கிய மனையை அமலாக்கத் துறை முடக்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். "விற்றவன் மேல்தானே கேஸ், அது முடியட்டும்" என்று அவர் சும்மா இருக்கிறாராமே! முதலில் அவரைக் கிளப்பு. கிரிமினல் வழக்கு வேறு, சொத்து முடக்கம் வேறு. மச்சான் மேல் ஒரு குற்றச்சாட்டும் இல்லாவிட்டாலும் மனை கைவிட்டுப் போகலாம்.

2002ஆம் ஆண்டு பணமோசடித் தடுப்புச் சட்டம், 5ஆம் பிரிவு. அதில் போடும் தற்காலிக முடக்கத்துக்கு ஆயுள் 180 நாள். முடக்கிய 30 நாளுக்குள் அமலாக்கத் துறை டெல்லியில் அட்ஜுடிகேட்டிங் அத்தாரிட்டி (முடக்கத்தை உறுதி செய்வதா என்று முடிவெடுக்கும் அமைப்பு) முன் புகார் போட வேண்டும். அவர்கள் 8ஆம் பிரிவில் நோட்டீஸ் அனுப்புவார்கள். பதிலுக்குக் குறைந்தது 30 நாள். நோட்டீஸ் விற்றவருக்கு மட்டும் போயிருந்தாலும், சொத்து தன்னுடையது என்று மச்சான் தானே போய்ச் சொல்லலாம், அவர் தரப்பையும் கேட்டாக வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கிரயப் பத்திரத்தை மட்டும் நீட்டினால் எடுபடாது. பணம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்பார்கள். பத்திரத்தில் எழுதிய செக் நம்பர், தேதி, தொகை மூன்றும் பேங்க் ஸ்டேட்மென்டோடு வரிக்கு வரி பொருந்த வேண்டும். அந்தக் கணக்கில் பணம் ஏறிய வழிக்கும் காகிதம் வேண்டும்: லோன் சாங்ஷன் லெட்டர், வருமான வரி ரிட்டர்ன், பழைய வீடு விற்ற பத்திரம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விலையில் 1 சதவீதம் பிடித்து வரியாகக் (டிடிஎஸ்) கட்டிய சலானும் சேரும். வாங்குமுன் போட்ட வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரங்களும் அவர் விசாரித்துத்தான் வாங்கினார் என்று காட்டும்.

எனக்குப் பயமே அந்த ரொக்கம்தான். அரசு வைத்த வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் எழுதி மிச்சத்தைப் பையில் கொடுத்திருந்தால், சல்லிசாகக் கைமாறிய பினாமி சொத்து என்று வாதிடுவார்கள். கொடுத்ததைச் சொன்னால் வருமான வரித் துறை வரும். எதுவானாலும் வக்கீலிடம் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல். பின்தேதியிட்டு ரசீது தயாரிக்கிற வேலையே வேண்டாம்.

முடக்கம் இருந்தாலும் 5(4) பிரிவின்படி மனையை அனுபவிக்கத் தடையில்லை. விற்கவோ அடமானம் வைக்கவோதான் முடியாது. முடக்கத்தை உறுதி செய்தாலும் உடனே காலி செய்யச் சொல்வது விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உறுதி செய்த உத்தரவு கைக்கு வந்த 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதற்குமேல் 60 நாளில் உயர் நீதிமன்றம்.

நோட்டீஸ் கவரையும் பத்திரமாக வைக்கச் சொல். வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. ஸ்டேட்மென்டையும் பத்திரத்தையும் ஸ்கேன் செய்து இந்த வாரமே அனுப்பு.

உன்,
கண்ணன்