கருப்பனுக்குப் புளியோதரை போடாதே

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிவலி பற்றி மணி சொன்னான். அதற்கு அப்புறம் வருகிறேன். இப்போது எழுதுவது உன் நாய் கருப்பனுக்காக.

இங்கே கலிஃபோர்னியாவில், மகள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் லிவர்மோர் என்று ஓர் ஊர். எங்கு பார்த்தாலும் திராட்சைத் தோட்டம், ஒயின் ஆலை. கன்கேனன் என்ற ஆலை 1883-இல் தொடங்கியது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, தேவாலயப் பூசைக்கு ஒயின் செய்து கொடுத்தே தாக்குப்பிடித்திருக்கிறார்கள். நம் ஊர் மதுவிலக்கில் உன் மாமா டாக்டர் சீட்டு காட்டி, குடிக்க பர்மிட் வாங்கியதற்கு இது எவ்வளவோ தேவலை.

போன ஞாயிறு மகள் தன் நாய் மைலோவோடு என்னையும் அந்த ஊரில் ஓர் ஆலைக்கு இழுத்துப் போனாள். பணம் கட்டினால் வகைக்கு ஒரு மடக்கு ஊற்றித் தருகிறார்கள். பிடிக்காததைக் கொட்ட ஒரு வாளி வேறு! நம் ஹாஸ்டல் வார்டன் பார்த்திருந்தால் அழுதிருப்பார். மரத்தடி மேசைகளுக்குக் கீழே நாய்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம். மைலோவுக்கு என்னைவிட மரியாதை.

ஊற்றிக் கொடுத்த பெண் ஒரு கார்க்கைக் காட்டினாள். அடியில் சர்க்கரை ஒட்டியதுபோலப் பளபளப்பு. திராட்சையின் டார்டாரிக் அமிலம் உப்பாக உறைந்து நிற்பதாம். அதை மைலோ முகரப் போனதும் மகள் வெடுக்கென்று பிடுங்கினாள். திராட்சையும் உலர்திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது கால்நடை மருத்துவர்களுக்கு முன்பே தெரியும். ஏன் என்றுதான் பிடிபடவில்லை. குழந்தைகள் உருட்டி விளையாட வீட்டில் பிசைந்த மாவைத் தின்ற ஒரு நாய்க்கும் அதே பாதிப்பு வந்திருக்கிறது. அந்த மாவில் இந்த உப்பு நிறைய. அதைப் பிடித்துக்கொண்டு போய், 2021-இல் காரணம் இந்த அமிலமாகத்தான் இருக்கும் என்றார்கள். இது நிறைய இருக்கும் இன்னொரு பொருள் என்ன தெரியுமா? நம் புளி. புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களும் உண்டாம்.

எனக்கு ஒயின் இறங்கவில்லை. கண்முன் நின்றது கருப்பனும் அவனுடைய சனிக்கிழமைப் புளியோதரையும்தான்.

"ஊர் நாயெல்லாம் குழம்புச் சோறு தின்றுதானே வளர்ந்தது" என்பாய். வளர்ந்தது சரி. எதனால் செத்தது என்று யாரடா பார்த்தது? ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்றுக்குக் கொஞ்சமே போதும். இத்தனை வரை பரவாயில்லை என்ற அளவுக் கணக்கே கிடையாது. கருப்பனுக்கு வயதும் ஆகிவிட்டது.

தயிர்சாதம் போடு. தெரியாமல் புளியை நிறையத் தின்றுவிட்டால், வாந்தி எடுக்கட்டும் பார்க்கலாம் என்று உட்காராமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. தங்கச்சியிடமும் சொல்லிவை. கருப்பன் பங்குப் புளியோதரை மணிக்குப் போகட்டும். அவன் எதையும் தாங்குவான்.

உன்,
ராமு