நோட்டும் கையுமாகப் போன பெண்ணுக்கு

வேலூர்
ஏப்ரல் 20

அன்புள்ள கண்ணு,

போனில் பேசினால் "சாப்பிட்டியா, கொசுவலை கட்டினியா" என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. மீதி நேரத்தில் லைன் கட்டாகிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே கத்திரி தொடங்குவதற்கு முன்பே வெயில் கொளுத்துகிறது. நீ ஆராய்ச்சிக்குப் போயிருக்கிற தான்சானியாவில் மார்ச்சிலிருந்து மே வரை பெருமழை என்றாய். கிளிமஞ்சாரோ சரிவில் சேறு வழுக்கும். மழையில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகாதே, நேரமானாலும் நடந்தே போ. மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி உனக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. நம் வீட்டுக் களி சாப்பிட்டு வளர்ந்தவள்தானே நீ.

நீ கேள்வி கேட்கப் போன அந்தப் பெரியவர் நாலு மணிக்கு வரச் சொன்னார் என்று நீ சாயங்காலம் போய் நின்றதையும், அவர் காலை பத்து மணிக்கே காத்திருந்துவிட்டுப் போனதையும் சொல்லி அழுதாயே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசும் சுவாஹிலி மொழியில் விடிந்ததிலிருந்து மணியை எண்ணுவார்கள், நம் ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி என்றாய். என் பாட்டியும் பொழுது கிளம்பியதிலிருந்துதான் நாழிகை எண்ணுவார். மறுநாள் நீ போய் 'ஷிகமோ' என்று வணங்க, அவர் 'மரஹபா' சொல்லி உட்காரவைத்தாராமே. அப்புறம் என்ன அழுகை?

நான் சொல்ல வந்தது வேறு. 1974இல் எனக்கு ஒன்பது வயது. ஆற்காட்டுப் பக்கம் எங்கள் ஊரில் ஐ.ஆர்.8 என்ற புது ரக நெல் வந்து, கிணற்றுக்குக் கிணறு மோட்டார் இறங்கிக்கொண்டிருந்த சமயம். ஒரு வெள்ளைக்காரரும் பேன்ட் போட்ட இரண்டு பேரும் நோட்டோடு வந்தார்கள். எத்தனை காணி நிலம், எத்தனை மூட்டை விளைச்சல், எவ்வளவு கடன் என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள். என் அப்பா, நைனாவுக்கு நாலு காணி இருந்தது. அவர் இரண்டு என்றார். விளைச்சலையும் பாதியாகச் சொன்னார். கடன் வசூலுக்கு ஆள் வைத்து விசாரிக்கிறார்கள் என்று பயந்துவிட்டார். பக்கத்தில் நின்ற நான் "இல்லை நைனா, நாலு" என்று வாயைத் திறந்தேன். ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டேன்.

அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். எதற்காகக் கேட்டோம், என்ன தெரிந்துகொண்டோம் என்று திரும்பி வந்து ஒருவரும் சொல்லவில்லை. சாகும்வரை நைனா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "நம்ம கணக்கை எங்க கொண்டுபோய் வச்சாங்களோ?" தான் பொய் சொன்னதும் அவருக்கு உறுத்தியது. முதலிலேயே விளக்கிச் சொல்லியிருந்தால் நாலு என்றுதான் சொல்லியிருப்பார்.

இப்போது என் பெண் வேறொரு நாட்டில், வேறொருவர் திண்ணையில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். அங்கும் ஒரு நைனா இருப்பார், கண்ணு. முதல் நாளே நோட்டைத் திறக்காதே. நீ யார், எதற்கு வந்தாய், நம் ஊரில் தண்ணீரை எப்படிப் பங்கு போட்டார்கள் என்பதை எல்லாம் நீ சொல்லு. அவர்களும் உன்னைக் கேள்வி கேட்கட்டும். எழுதி முடித்த பிறகு, பட்டம் வாங்குவதற்கு முன், ஒரு தடவை அதே வீடுகளுக்குப் போய் அவர்கள் மொழியிலேயே படித்துக் காட்டு. பயணச் செலவுக்குப் பணம் போதவில்லை என்றால் நான் அனுப்புகிறேன், என் பென்ஷன் இருக்கிறது.

அங்கே சக்கா இன மக்கள் மலையிலிருந்து வாய்க்கால் வெட்டி, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், அதற்கு 'ம்ஃபோங்கோ' என்று பெயர் என்றாய். எங்கள் பங்குக் கிணற்றிலும் முறைதான். நாலு குடும்பம், எங்கள் முறை கடைசி. கோடையில் எங்கள் நாள் வரும்போது கிணறு சேறாகக் கிடக்கும். ஒரு வருஷம் மூன்றாவது பங்காளி தன் முறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று நைனா கடைசிவரை சொன்னதில்லை.

அந்தப் பெரியவரிடம், என் அம்மா கேட்கச் சொன்னாள் என்று இதைக் கேள்: வாய்க்கால் வற்றும் வருஷம், கடைசித் தோட்டத்துக்காரருக்காக யார் தன் முறையை விடுவார்? அவர் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் எனக்கு எழுது.

உன் அம்மா