குளத்தையும் ரோட்டையும் தந்தவர்களுக்கு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், வெளியூரிலிருந்து கை கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் கீழத்தெருவுக்குள் முதல் தடவையாக மினி பஸ் வந்தது. அன்று காலையிலேயே குளம் நிறைந்து உபரித் தண்ணீர் மறுகாலில் விழுந்துகொண்டிருந்தது. ரோடா குளமா, ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும் என்று மூன்று வருடம் சண்டை போட்டவர்கள் நாம். அதனால்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். யார் பெயரையும் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று ஊருக்குத் தெரியும்.

முதல் நன்றி, ரோடு வேண்டும் என்று என்னோடு மல்லுக்கு நின்றவர்களுக்கு. குளத்தைத் தொடக்கூடாது என்று கத்திய கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த ஐப்பசி ராத்திரி பிரசவ வலியில் துடித்த பெண்ணைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் கரை வழியாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 108 வண்டி கரையின் மறுமுனையில் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. சகதியில் ஒருவருடைய செருப்பு மாட்டிக்கொண்டது, அவர் அதை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். நாற்காலியின் ஒரு காலைப் பிடித்திருந்தவன் நான். தாயும் பிள்ளையும் சுகமாக வந்தார்கள். மறுநாளிலிருந்து ரோடு வேண்டாம் என்று சொல்ல என் வாய் வரவில்லை.

ஆனால் முதலில் வந்த வரைபடத்தில் ரோடு குளத்தின் கிழக்கு மூலையை நிரப்பிக்கொண்டு போனது. மிச்ச இடத்தில் சமுதாய நலக்கூடம். சித்திரையில் பார்த்தால் அந்த மூலை பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும் மைதானம் மாதிரி காய்ந்து கிடக்கும். தண்ணீர் இல்லாத இடம்தானே என்று நினைப்பது இயல்புதான். ஆனால் சானல், அதாவது கால்வாய்த் தண்ணீர் குளத்துக்குள் நுழைவது அந்த மூலையில்தான். அதை அடைத்தால் வெள்ளம் வேறு வழி தேடும். 2021 நவம்பர் மழையில் கீழத்தெரு வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. ஓடையை ஒட்டிக் கொஞ்சம் மண் போட்டதற்கே அந்தப் பாடு.

பேச்சிப்பாறை அணையை ஜூனில் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதுவரை கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் நாற்றைக் காப்பாற்றுவது இந்தக் குளம். நம் கிணறுகள் ஊறுவதும் இதனால்தான். நம் மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகிறது, அங்கிருந்து பழையாற்றுக்கு, அப்புறம் மணக்குடிக் காயலுக்கு. ஒரு குளத்தைச் சுருக்கினால் அதற்குக் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் கை வைத்த மாதிரி.

இதையெல்லாம் கூட்டத்தில் பொறுமையாக எடுத்துச் சொன்ன வக்கீல் தம்பிக்கு நன்றி. 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்குப் போடலாம், ஆனால் அதற்கு முன்னால் வேறு வழி இருக்கிறதா பார்ப்போம் என்று சொன்னது அவர்தான். அந்த வேறு வழியைக் காட்டியவர் ஊராட்சி ஒன்றியத்துப் பொறியாளர் அம்மா. வெயிலில் இரண்டு நாள் டேப்பைப் பிடித்துக்கொண்டு கரையைச் சுற்றி வந்தார். கரைக்கு வெளிப்பக்கமாகவே ரோடு போகலாம், இரண்டு மடை வாய்க்கால் குறுக்கிடும் இடத்திலும் சிறுபாலம் கட்டலாம் என்றார். குழாய் போட்டால் செலவு குறையுமே என்று கேட்டோம். ஒரு மழைக்கு ஆகாயத்தாமரை வந்து அடைத்துவிடும், பாலம்தான் சரி என்று நின்றார். நலக்கூடத்துக்குப் பழைய நெற்களத்தைக் கைகாட்டியவரும் அவரே. அறுப்பு மெஷின் வந்த பிறகு அந்தக் களம் சும்மாதான் கிடந்தது.

ஆனால் கரைக்கு வெளியே இருந்தது ஆச்சியின் விளை, அதாவது தென்னந்தோப்பு. ரோட்டுக்காக பதினோரு தென்னை போக வேண்டும். எல்லாம் ஈத்தாமொழி நெட்டை, காய்ப்பில் இருந்தவை. அவரிடம் கேட்க எனக்கு நா எழவில்லை. நாங்கள் ஐந்து பேர் போய்த் திண்ணையில் உட்கார்ந்தோம். வெற்றிலையை இடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், "குளம் நிரம்பினா என் கிணத்துல தண்ணி கெடக்கும். ரோடு வந்தா பேத்தி ராத்திரியில டவுன்ல இருந்து பயமில்லாம வருவா. பின்ன என்ன யோசன?" என்றார். மரம் வெட்டுவதற்கு முந்தின நாள் மரமேறியை வரச்சொல்லி, பதினோரு மரத்துக் காயையும் பறித்துத் தெருவில் வீட்டுக்கு இரண்டு கொடுத்து அனுப்பினார். எங்கள் வீட்டுக்கு வந்ததில் ஒன்று நெற்று. அதைக் குழம்புக்கு உடைக்க என் மனைவி சம்மதிக்கவில்லை.

தூர் வாரியபோது ஹிட்டாச்சி ஓட்டிய தம்பி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இந்த ஊருக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தெற்கு ஓரத்துக் கோரையை வழிக்கப் போனவர் திடீரென்று மெஷினை நிறுத்திவிட்டு இறங்கினார். என்னவென்று போய்ப் பார்த்தோம். மடித்துப் போட்ட கோரைத் தாளின் மேல் நீலத்தாழைக்கோழியின் கூடு, அதில் செம்மண் புள்ளி வைத்த நாலு முட்டை. யாரும் சொல்லாமலே அந்தத் திட்டைச் சுற்றி நாலு கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டு வேறு பக்கம் போனார். அந்தக் கோரைத் திட்டு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் குளங்களுக்கு 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்கிற ராம்சார் தகுதி கிடைத்தது. நம் குளத்துக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. ஆனாலும் பொங்கல் சமயத்தில் விடியற்காலையில் பைனாகுலரோடு வந்து, கூழைக்கடாவையும் அரிவாள் மூக்கனையும் இலைக்கோழியையும் எண்ணி எழுதிக்கொடுத்த நாகர்கோவில் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய ஆசிரியருக்கும் நன்றி. அந்தத் தாள்களைப் பார்த்த பிறகுதான் குளத்துக்காக நாம் கொடுத்த மனுவைக் கையில் வாங்கியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

தாமரைக் குத்தகை எடுத்த அண்ணாச்சிக்கு ஒரு பருவப் பூ போய்விட்டது. தோவாளைச் சந்தைக்கு அனுப்ப ஒரு மொட்டுகூட இல்லாத மாதங்களிலும் அவர் ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. ஆகாயத்தாமரையை இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்துப்போட்ட நூறு நாள் வேலை அக்காமார், வண்டல் அள்ளத் தாசில்தார் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கிய வாழைத்தோட்டக்காரர்கள், பணம் அனுப்பிய வளைகுடாத் தம்பிமார், ஒரே ஞாயிற்றுக்கிழமை கோவிலிலும் கிறிஸ்தவ ஆலயத்திலும் அறிவிப்புச் செய்த பெரியவர்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ரோடு வந்ததும் கரையோர வயலுக்கு விலை பேச வெளியாட்கள் வந்து போகிறார்கள். விற்பது அவரவர் உரிமை, குடும்பக் கஷ்டம் அவரவருக்குத்தான் தெரியும். ஆனால் விற்க நினைப்பவர்கள் முதலில் ஊரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வயலாகவே வைத்துக்கொள்ள வாங்குபவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

வரவு செலவுக் கணக்கைக் கோவில் சுவரிலும் ஆலயச் சுவரிலும் ஒட்டியிருக்கிறோம், எல்லோரும் பாருங்கள். மீதிப் பணத்தில் கரைக்கு முள்வேலி வாங்கியாகிவிட்டது. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு கிழக்கு மூலையில் கூடி, பிள்ளைகள் சேர்த்து வைத்திருக்கும் பனங்கொட்டைகளைக் கரை நெடுக ஊன்றப்போகிறோம். எங்கள் வீட்டு நெற்று முளைத்து மூன்று ஓலை விட்டிருக்கிறது. அதை ஆச்சியின் விளையில் அவர் கையாலேயே நட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவரால் அதிக நேரம் நிற்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது ஒரு நாற்காலி கொண்டு வந்தால் நல்லது.

அன்புடன்,
குளத்துப் பாசனத்தார் சார்பில்,
உங்களில் ஒருவன்